மார்க்கம் வீட்டுக்கு மரத்தரை: ரெட் ஓக்கா, ஹிக்கரியா, எஞ்சினியர்டா?

பனங்கூடல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கத்தில் வீடு, 1990களின் நடுவில் கட்டியது, இரண்டு மாடி. கீழே ஹோல், சாப்பாட்டறை, மேலே படுக்கையறைகள், எல்லாவற்றிலும் முந்தைய சொந்தக்காரர் போட்ட காப்பெட். குசினியும் வாசலும் மட்டும் ஓடு. மகளுக்கு ஆஸ்துமா இருப்பதால் அதைக் கழற்றியே ஆகவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மொத்தம் 1,100 சதுர அடி வரும். மரம்தான் போடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. லாமினேட், வைனில் பற்றித் தயவுசெய்து யாரும் தொடங்க வேண்டாம், அந்தச் சண்டை இங்கே ஏற்கனவே நடந்து முடிந்தது.

சிக்கல் என்ன மரம், என்ன வகை என்பதில்தான். ஒரு கடையில் ஹிக்கரிதான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது: ஹிக்கரி 1820, மேப்பிள் 1450, வைட் ஓக் 1360, ரெட் ஓக் 1290. "பிள்ளைகள் இருக்கிற வீடு, பெரிய நம்பராகப் பார்த்து எடுங்கள்" என்றார் விற்பனையாளர். இன்னொரு கடையில், முழு மரம் இந்தக் காலத்தில் யாரும் போடுவதில்லை, எஞ்சினியர்ட் (பிளைவூட்டின் மேல் மெல்லிய மரம் ஒட்டியது) எடுங்கள், ஏழரை அங்குல அகலத்தில் வைட் ஓக், அதுதான் இப்போது ஓடுகிறது என்றார்கள். கடைசியாக வீட்டுக்கு வந்து அளந்து பார்த்த ஒருவர், மூன்றேகால் அங்குல ரெட் ஓக் முழு மரமே போதும் என்று சொல்லி, இரண்டு கடையையும் விடக் குறைவாக விலை எழுதிக் கொடுத்தார். குறைவாகச் சொன்னதாலேயே மனைவிக்கு அவர்மேல் சந்தேகம்.

மாதிரித் துண்டுகள் இப்போது சாப்பாட்டு மேசையில் கிடக்கின்றன. மகன் சாவியால் கீறிப் பார்த்தான். எல்லாவற்றிலும் கீறல் விழுந்தது, ஹிக்கரியிலும்தான்.

அப்புறம், அம்மா எங்களோடு இருக்கிறார். ஊரில் சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு வாளியால் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பொச்சுமட்டையால் தேய்த்து மினுக்கி வைத்திருந்தவர். மரத்தரை என்றதும் "அப்ப அதை எப்படிக் கழுவுறது?" என்பதுதான் அவரது முதல் கேள்வி. சாமியறையும் மேலே ஒரு சின்ன அறையில் இருக்கிறது. விளக்கெண்ணெய் சிந்தாமல் ஒரு வெள்ளிக்கிழமையும் போகாது.

சொந்த வீட்டில் போட்டவர்கள், இல்லை இந்தத் தொழில் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

லேக்‌ஷோர்_தமிழன் எழுதியது:

வணக்கம் நண்பரே. நாங்கள் மிசிசாகாவில் அடுக்குமாடிக் கொண்டோ. எங்களுக்கு எஞ்சினியர்ட் தவிர வேறு வழியே இல்லை. அடியில் கான்கிரீட், ஆணி அடிக்க முடியாது. பசை போட்டு ஒட்டணும், இல்லாட்டி மிதக்கவிட்டுப் போடணும். அதுக்கு மேல கட்டட நிர்வாகம் வேறு, சத்தம் தாங்குற அடிவிரிப்பின் சோதனை அறிக்கையைக் கொடுத்தால்தான் அனுமதி என்றது. உங்களுக்குத் தனி வீடு, பிளைவூட் தளம் இருக்கும். எனக்கு அந்த வசதி இருந்திருந்தால் முழு மரமே போட்டிருப்பேன். நிறம் மட்டும் சொல்கிறேன்: கறுப்புக்கிட்ட போகாதீங்க. காபி நிறத்தில் போட்டோம். தலைமுடி, தூசி, பூட்ஸிலிருந்து விழுகிற உப்பு, எல்லாமே பளிச்சென்று தெரிகிறது.

உளி எழுதியது:

தம்பி பனங்கூடல், நான் ஸ்காபரோவிலிருந்து ஓஷவா வரைக்கும் இந்த வேலை செய்து ஓய்ந்த ஆள். முழங்கால் இரண்டும் சாட்சி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளும்.

முதலில் அந்த அட்டை. அது ஜங்கா அளவு. ஒஸ்திரியாக்காரர் காப்ரியல் ஜங்காவின் பேரில் வந்தது. 0.444 அங்குலக் குறுக்களவுள்ள ஓர் இரும்புக் குண்டைப் பாதி அளவுக்கு மரத்துக்குள் அமுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும், அவ்வளவுதான் அந்த நம்பர். அதாவது கனமான பொருள் ஒன்று விழுந்தால் எவ்வளவு குழி விழும் என்பதைச் சொல்கிறது. கீறலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கீறுவது மரத்தை அல்ல, மேலே இருக்கிற பூச்சை. உம்முடைய மகன் சாவியை வைத்துக் கண்டுபிடித்ததும் இதுதான், அவனைத் தொழிலுக்கு எடுக்கலாம்.

இன்னொன்றையும் கேளும். நம்முடைய ஆட்கள் தேக்கை விட உறுதியான மரம் உலகத்தில் இல்லை என்பார்கள். ஜங்காவில் தேக்கு ஆயிரத்துச் சொச்சம்தான், ரெட் ஓக்கை விடக் கீழே. தேக்கின் பெருமை கடினத்தில் இல்லை. அதில் ஊறியிருக்கிற எண்ணெயிலும், ஈரத்துக்கு அதிகம் அசையாத குணத்திலும் இருக்கிறது. கப்பல் தட்டுக்குத் தேக்கைப் போட்டவர்கள் அந்தக் குணத்துக்காகத்தான் போட்டார்கள். நீரும் மரம் எடுக்கும்போது பார்க்க வேண்டியது அந்த அசைவைத்தான்.

ரொறன்ரோப் பக்கத்தில் மரத்தரையைக் கெடுப்பது பிள்ளைகள் இல்லை, ஜனவரி மாதம். வெளியே மைனஸ் பதினைந்து, உள்ளே வீட்டைச் சூடாக்குகிற பேனஸ் ஓடுகிறது, வீட்டுக்குள் ஈரப்பதன் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்தக் காற்றில் கிடக்கிற மரத்துக்குள் கடைசியில் நிற்கிற ஈரம் நாலரை சதவீதம். ஜூலையில் வீடு 50 சதவீதத்துக்கு வந்தால் மரத்துக்குள் ஒன்பது. அந்த வித்தியாசத்தை மரம் அகலப்பாட்டில் காட்டும். நீளத்தில் அசைவு கணக்கில் எடுக்கிற அளவுக்கு இராது. சாதாரணமாக அறுத்த ரெட் ஓக், மூன்றேகால் அங்குலப் பலகை, உள்ளீரம் நாலு சதவீதம் குறைந்தால் ஒன்றேகால் மில்லிமீட்டர் சுருங்கும். ஐந்து அங்குலப் பலகை இரண்டு மில்லிமீட்டருக்குக் கிட்ட. அதே ஐந்து அங்குலம் ஹிக்கரி என்றால் இரண்டு மில்லியையும் தாண்டும். கடைக்காரர் காட்டிய பெரிய நம்பருக்கு இந்த மறுபக்கம் உண்டு. ஹிக்கரி கடினம்தான், ஆனால் ஓக்கை விட அதிகம் அசையும். ஒரு வீட்டில் ஹிக்கரி போட்ட முதல் குளிர்காலமே, பலகைகளுக்கு நடுவில் அந்த வீட்டுக்காரியின் வங்கி அட்டை நின்றது. வேலைக்காரன் கெட்டவன் இல்லை. பாரவண்டியிலிருந்து இறக்கிய பெட்டியை அன்றைக்கே உடைத்து அடித்துவிட்டான்.

ஆகையால் முழு மரம் என்றால் ஒடுங்கிய பலகை. மூன்றேகால் சொன்ன மனிதர் காசு குறைத்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, ஒடுங்கிய ரெட் ஓக் எப்போதும் மலிவு. ஏமாற்று இல்லை, மனைவியிடம் சொல்லும்.

எஞ்சினியர்ட் மோசம் என்று நான் சொல்லவில்லை. அடியில் பிளைவூட் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது அவ்வளவு அசையாது. ஏழரை அங்குல அகலம்தான் வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்தால் எஞ்சினியர்ட் தவிர வேறு கதை இல்லை. பேஸ்மென்டிலும் அதுதான், நிலத்துக்குக் கீழே முழு மரத்தைக் கொண்டுபோகவே கூடாது. ஆனால் வாங்கும்போது பலகையின் மேல்முகத்தைப் பார்த்து மயங்காமல், பக்கவாட்டில் திருப்பி வெட்டு முகத்தைப் பாரும். மேலே உண்மையான ஓக் எத்தனை மில்லிமீட்டர்? ஒரு மில்லிக்கும் குறைவாகவும் விற்கிறார்கள், ஆறு மில்லியிலும் இருக்கிறது. இரண்டு மில்லி என்றால் ஒருமுறை மேற்பரப்பை மெதுவாகத் தேய்த்துப் புதுப்பூச்சுப் போடலாம், அதற்கும் பயந்து பயந்துதான். நாலு மில்லிக்குக் கீழே எடுத்தால், தேய்ந்த அன்றைக்குக் கழற்றி எறிகிற சாமான் என்று நினைத்துக்கொண்டு எடும். முழு மரத்தில் முக்கால் அங்குலப் பலகை, பக்கத்துப் பலகைக்குள் செருகுகிற நாக்குக்கு மேலே கிட்டத்தட்ட ஆறு மில்லி மரம் இருக்கும். நாலைந்து தடவை தேய்த்துப் புதிதாக்கலாம். உம்முடைய பேரப்பிள்ளையும் அதில் தவழும்.

வேலை தொடங்குமுன் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். காப்பெட் கழன்றதும் வெறும் பிளைவூட்டில் சப்பாத்தோடு ஒவ்வோர் அறையாக நடந்து பாரும், கிறீச் என்கிற இடத்திலெல்லாம் அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்துக்கு ஸ்க்ரூ போடச் சொல்லும். மரம் போட்ட பிறகு அந்தச் சத்தத்தை நிறுத்த எவராலும் முடியாது. மற்றது ஈரமானி. பெட்டிகள் வீட்டுக்குள் எத்தனை நாள் கிடந்தது என்பது கணக்கில்லை. பலகைக்கும் அடித்தளத்துக்கும் ஈர வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. மூன்று அங்குலத்துக்குக் குறைந்த பலகைக்கு 4 சதவீதம் வரை போகலாம், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உம்முடையது மூன்றேகால், ஆகவே இரண்டு. வருகிற ஆளிடம் ஈரமானி இல்லை என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடும்.

குசினிக்காரி எழுதியது:

உளி அண்ணை சொன்னதற்கு மேலே தொழில் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் மேப்பிள், போட்டுப் பல வருடம். ஒரு விஷயம் மட்டும்: மேப்பிளுக்குச் சாயம் ஏற்ற நினைக்காதீர்கள். அது சாயத்தைச் சீராகக் குடிக்காது, திட்டுத்திட்டாக நிற்கும். இயற்கை நிறத்தில் விட்டால் வடிவு. ஆனால் ஓக்கில் இருக்கிற வரிகள் இதில் இல்லாததால், சின்னக் குழி விழுந்தாலும் வெளிறிய முகத்தில் கண் அங்கேதான் போகும். ஓக்கில் அது வரிகளுக்குள் மறைந்துவிடும். மினுக்கமும் கூடாது, மட் பூச்சு எடுங்கள். எங்களது பளபளப்பானது, பின்னேர வெயில் ஜன்னலால் விழும்போது கீறல் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும்.

அம்மா விஷயம். என் மாமியும் அப்படித்தான். வாளியை ஒளித்து வைத்துப் பார்த்தேன், வேறு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். கடைசியில் என்ன செய்தோம் என்றால், குசினியும் வாசலும் ஓடாகவே விட்டுவிட்டோம். அங்கே அவர் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக் கழுவட்டும். மரத்துக்குத் தட்டையான மைக்ரோஃபைபர் மொப், கையில் பிழிந்தால் சொட்டு விழாத அளவு ஈரம். ஆவி மொப்பை யாராவது பரிசாகக் கொண்டுவந்தால் நன்றி சொல்லி பேஸ்மென்டில் வையுங்கள், ஆவி பலகை இடுக்குகளுக்குள் போய்விடும். வினாகிரியும் வேண்டாம், நாளாக நாளாகப் பூச்சின் பளிச்சை எடுத்துவிடும்.

சாமியறையில் எண்ணெய் அவ்வளவு பிரச்சினை இல்லை, பொலியுரித்தேன் பூச்சு என்றால் துடைத்தால் போய்விடும். தண்ணீரும் இரும்பும்தான் கவனம். செம்பு வைக்கிற இடம், பூச்சாடி வைக்கிற இரும்பு ஸ்டாண்ட், இவற்றுக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். ஓக்கில் இருக்கிற துவர்ச்சத்தோடு ஈர இரும்பு சேர்ந்தால் கறுப்பு மையைக் கொட்டியது போல ஒரு வட்டம் வரும். அது மேலே இருக்கிற கறையே இல்லை, மரத்துக்குள்ளே போய்விடும். தேங்காயை வெளியே கராஜ் வாசலில் உடையுங்கள், சாமி கோவிக்காது.

பனங்கூடல் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. உளி அண்ணை, உங்கள் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "வங்கி அட்டை நின்றதோ?" என்று கேட்டுவிட்டு ஹிக்கரி மாதிரியை எடுத்துக் குப்பைப் பக்கம் வைத்தார்.

இப்போது ரெட் ஓக்கா வைட் ஓக்கா என்பதில் நிற்கிறோம். மனைவிக்கு வைட் ஓக், ரெட் ஓக்கில் ஒரு ரோஸ் சாயல் அடிக்கிறதாம். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. படிக்கட்டில் பழைய மரக் கைப்பிடியும் தூண்களும் இருக்கின்றன, கொஞ்சம் செம்மஞ்சள் நிறம். படியிலும் காப்பெட்தான்.

ஈரப்பதனைப் பற்றி எழுதியதைப் பார்த்துவிட்டு பேஸ்மென்டில் போய்ப் பார்த்தேன். பேனஸ் பக்கத்தில் ஒரு சாம்பல் பெட்டி ஒட்டியிருக்கிறது, சின்னத் தண்ணீர்க் குழாய் ஒன்று போகிறது, வால்வு மூடிக் கிடக்கிறது. காற்றுக்கு ஈரம் ஏற்றுகிற ஹியுமிடிஃபயர் அதுவா?

உளி எழுதியது:

அதேதான் தம்பி. வால்வைத் திறக்குமுன் முன்மூடியைக் கழற்றிப் பாரும், உள்ளே தேன்கூடு போல ஒரு சல்லடை இருக்கும். சுண்ணாம்பு பிடித்துக் கல்லாகியிருக்கும், கட்டாயம். அதை மாற்றும், பெரிய காசில்லை, குளிர்காலத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். காற்றுக் குழாயில் கோடைக்கும் குளிருக்கும் ஒரு சின்னத் தகட்டுக் கதவும் இருக்கலாம், அதைக் குளிர்ப் பக்கம் திருப்பும். பிறகு ஹோலில் ஒரு மலிவான ஈரப்பதன் காட்டியை வையும். 35க்கும் 50க்கும் நடுவில் நின்றால் மரம் பேசாமல் கிடக்கும். மைனஸ் இருபது அடிக்கிற வாரத்தில் 40 வைத்தால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடும், அப்போது 30க்கு இறக்கிவிடும். அந்த ஒரு வாரம் இடைவெளி கொஞ்சம் தெரியும், சித்திரைக்குள் தானாக மூடிவிடும். அதற்குள் புட்டி என்கிற அடைப்புப் பசையை எடுத்துக்கொண்டு இடைவெளி அடைக்கப் போக வேண்டாம். கோடையில் பலகை விரியும்போது புட்டி பிதுங்கி வெளியே வரும்.

ஓக் கேள்விக்கு வருவோம். கடையில் இரண்டிலும் விரலளவு துண்டு கேளும், தருவார்கள். ரெட் ஓக் துண்டின் ஒரு வெட்டு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் குமிழி வரும். அதன் நாளங்கள் திறந்தே இருக்கும். வைட் ஓக்கில் ஊதினால் கன்னம்தான் நோகும், நாளங்கள் அடைபட்டவை. வைன், விஸ்கிப் பீப்பாய்க்கு வைட் ஓக்கை எடுப்பதும் இதனால்தான். ஆக, தண்ணீர் படுகிற இடத்துக்கு வைட் ஓக் ஒருபடி மேல். ஆனால் உம்முடைய குசினி ஓடு, வாசல் ஓடு. ஹோலிலும் படுக்கையறையிலும் அந்த வித்தியாசத்துக்கு நீர் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

அந்தக் கைப்பிடியை வைத்துத்தான் நான் முடிவெடுப்பேன். அந்தக் காலத்தில் இங்கே கட்டிய வீடுகளில் படிக்கைப்பிடி அநேகமாக ரெட் ஓக், செம்மஞ்சளாகத் தெரிவது அதன்மேல் பழுத்துப்போன பழைய வார்னிஷ். வைட் ஓக் தரை போட்டால் கைப்பிடி, தூண்கள், படி எல்லாவற்றையும் மாற்றக் கேட்பீர்கள், அதற்குத் தச்சன் கூலி தரையின் விலைக்குக் கிட்ட வரும். ரெட் ஓக் போட்டால் கைப்பிடியைத் தேய்த்துத் தரையின் நிறத்துக்கே கொண்டுவரலாம். ரோஸ் சாயல் பிடிக்கவில்லை என்றால் லேசான பழுப்புச் சாயம் ஏற்றினது எடுங்கள். ஓக் சாயத்தை நன்றாகக் குடிக்கும்.

ஆஷ் மரம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அதுவும் கெட்ட மரம் இல்லை, 1320. 2002 இல் விண்ட்சர் பக்கம் பிடிபட்ட அந்தப் பச்சை வண்டு ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களைத் தின்று முடித்துக்கொண்டு வருகிறது. பின்னாளில் ஓர் அறைக்குப் பொருத்தமாகக் கூடுதல் பலகை தேடினால் கிடைக்குமா என்பது சந்தேகம், அதனால் நான் சொல்வதில்லை.

விலைச்சீட்டைத் திரும்ப எடுத்துப் பாரும். காப்பெட்டையும் அதன் அடிப்பஞ்சையும் கழற்றி ஏற்றுவது, ஆயிரக்கணக்கான ஸ்டேப்பிளைப் பிடுங்குவது, சுவரோரச் சட்டம், படியின் மூக்கு (விளிம்புப் பலகை), 13 சதவீத வரி, இவையெல்லாம் உள்ளேயா வெளியேயா என்று எழுத்தில் கேளும். இரண்டு விலைச்சீட்டுகளுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். படிக்குத் தனிக் கணக்குப் போடுவார்கள், படி ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று. சதுர அடியை விட 7, 8 சதவீதம் கூட வாங்கும், வெட்டுக் கழிவுக்கு.

பனங்கூடல் எழுதியது:

ஊதிப் பார்த்தோம் அண்ணை. ரெட் ஓக்கில் குமிழி வந்ததைப் பார்த்து மகள் விடவேயில்லை, அம்மாவையும் ஊத வைத்தாள்.

மூன்றேகால் அங்குல ரெட் ஓக், முழு மரம், லேசான பழுப்பு, மட் பூச்சு என்று முடிவாகிவிட்டது. பேஸ்மென்டை இப்போதைக்குத் தொடவில்லை. அளக்க வந்தவரைக் கூப்பிட்டு ஈரமானி இருக்கிறதா என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டி, அங்கேயே காப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கி பிளைவூட்டில் குத்திப் பார்த்தார், 8 காட்டியது. விலைச்சீட்டில் ஸ்டேப்பிள் பிடுங்குவது இல்லை, படி மூக்கும் இல்லை. இரண்டையும் எழுதச் சொன்னேன், எழுதினார். அதற்குப் பிறகும் மற்ற இரண்டு கடையை விடக் குறைவுதான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மிச்சமாகிற பலகைப் பெட்டியை எங்கே வைப்பது? பேஸ்மென்டில் இடம் இருக்கிறது.

உளி எழுதியது:

பேஸ்மென்டில் வேண்டாம், கோடையில் அங்கே ஈரம் ஏறும். மேலே ஏதாவது ஓர் அலுமாரியின் அடியில் படுக்க வையும், நிமிர்த்தி வைத்தால் வளையும். பெட்டியில் இருக்கிற தயாரிப்பு எண்ணையும் நிறப் பெயரையும் போனில் படம் எடுத்து வையும். கதிரைக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் துணித்துண்டு வையும், ஒட்டுகிற வகை வேண்டாம், ஆணியோடு வருகிறதை எடும்.